நாடிக்குப் போகிற பெண்

நெடுந்தீவு
09.05.2025

பிரியதர்சினி அறிய,

கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. கடைசியாக எழுதியது இடமாற்றம் கேட்டு மேலிடத்துக்கு. அதற்கே இன்னும் பதில் வரவில்லை. இதற்காவது வரும் என்று நினைத்து எழுதுகிறேன்.

போன மாதக் கடைசியிலிருந்து உம்முடைய போன் வேலை செய்யவில்லை. முதலில் நெடுந்தீவுச் சிக்னலைத்தான் திட்டினேன். பிறகு பார்த்தால், மாட்டுக்கு வயிறு ஊதிவிட்டது, ஆடு குட்டி போட முடியாமல் கிடக்கிறது என்று கூப்பிடுகிற ஆட்களின் அழைப்பெல்லாம் ஒழுங்காக வருகிறது. கால்நடை உத்தியோகத்தனை ஊரே தேடுகிறது. நிச்சயம் செய்த பிள்ளை மட்டும் தேடவில்லை. அம்மா உம்முடைய இராசமணி மாமியைக் கேட்டிருக்கிறா. "அவள் போனை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டாள்" என்றாவாம் மாமி. இந்தக் காலத்தில் யார் அப்படிச் செய்வார்கள்? புதுப் போன் கிடைத்தவர்கள்தான் பழையதைப் பூட்டுவார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்தது இதைவிடப் பெரியது. புரோக்கர் குலசிங்கம் அண்ணை மண்கும்பானில் எங்கள் வீட்டுக்கு வந்து, நீர் புதன்கிழமைகளில் நாடிக்குப் போகிறீர் என்று அம்மாவின் காதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சாதகம் பார்த்து, பொருத்தம் பார்த்து, ஆவணியில் நாளும் வைத்தபிறகு பொம்பிளை வீட்டார் ஏன் களவாக நாடி சாத்திரம் பார்க்கப் போகிறார்கள்? "செவ்வாய்க் குற்றத்தை மறைச்சுப்போட்டினம். இப்ப பயந்துபோய் ஓலை தேடுகினம்" என்பது அம்மாவின் முடிவு. அம்மாவை நான் சமாளிக்கலாம். என்னை யார் சமாளிப்பது?

நயினாதீவுக் கோயிலில் உம்மைப் பார்த்த அன்று எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. உண்மையை எழுதும்.

ஜதுர்சன்


சுருவில்
15.05.2025

வணக்கம்.

உங்கள் கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கியது அப்பா. "பெடியன் போனில கதைக்கமாட்டானாமோ?" என்று கேட்டு, உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தந்தார். ஆகவே சந்தேகத்துக்கு உங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் வீட்டிலும் குறைவில்லை.

நாடி என்றால் ஓலை இல்லை. வாய்க்குக் கீழே ஒரு எலும்பு இருக்கிறதே, அந்த நாடி. உங்கள் அம்மாவுக்குத் தொட்டுக் காட்டுங்கள்.

நான் கலியாணப் பிளவுஸ்களுக்கு மணியும் கல்லும் வைத்து ஆரி வேலை செய்கிறவள் என்று உங்களுக்குத் தெரியும். துணி இழுத்துக் கட்டிய சட்டத்தின் மேல் குனிந்தால் மத்தியானம் வரை நிமிரமாட்டேன். நிமிர்ந்தால், போனைப் பார்க்கக் குனிவேன். மாசியில் ஒருநாள் வலது கைப் பெருவிரலும் பக்கத்து விரலும் விறைத்து, ஊசி தானாகக் கீழே விழுந்தது. எடுத்தேன். மறுபடி விழுந்தது. பயத்தில் யாருக்கும் சொல்லவில்லை. பிறகு தலையிடியும் சேர்ந்துகொள்ள, அம்மா ஆசுப்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனா. படம் எடுத்துப் பார்த்தார்கள். தோளுக்கு நேரே இருக்கவேண்டிய தலை முன்னுக்குப் போய் நிற்கிறதாம். அதைத் தாங்கித் தாங்கிக் கழுத்தில் நரம்பு நெரிபடுகிறதாம். குளிசையால் பெரிதாக ஆகப்போவதில்லை, பயிற்சிதான் வைத்தியம் என்றார்கள். புதன்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பிசியோ வருகிறார். போனைக் குறைக்கச் சொன்னதும் அவர்தான். குறைக்கிற அளவுக்கு என்னை நானே நம்பவில்லை. அதனால் பூட்டித் திறப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். புதுப் போன் ஒன்றும் இல்லை.

பயிற்சியும் பெரிய இரகசியமில்லை. சுவரோடு முதுகை வைத்து நின்று, முகம் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், மேசை லாச்சியை உள்ளே தள்ளுவதுபோல நாடியைப் பின்னுக்கு இழுக்கவேண்டும். இழுத்தால் தொண்டையில் இரட்டை நாடி விழும். பார்க்கச் சகிக்காது. இராசமணி மாமி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எங்கட பிள்ளை நாடிக்குப் போறாள்" என்று ஒழுங்கையில் போகிற வருகிற எல்லாருக்கும் சொல்லியிருக்கிறா. அது குலசிங்கம் அண்ணையின் மோட்டார் சைக்கிளில் ஏறி மண்கும்பானுக்குப் போய்ச் சேரும்போது சாத்திரமாகிவிட்டது.

எனக்குச் செவ்வாய்க் குற்றம் இல்லை. ஆசுப்பத்திரித் துண்டை அனுப்பி நிரூபிக்கலாம்தான். ஆனால் அனுப்பப் போவதில்லை. துண்டு பார்த்து நம்புகிறவரோடு எப்படிச் சீவிப்பது?

பிரியதர்சினி


நெடுந்தீவு
28.05.2025

பிரியதர்சினிக்கு,

சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. மூன்று நாளாகப் படகு ஒழுங்காக ஓடவில்லை, உம்முடைய கடிதம் குறிகட்டுவான் துறையிலேயே கிடந்து வந்தது.

ஓலை விசயத்தில் அம்மா அரைமனதாக அடங்கிவிட்டா. நானும் நம்புகிறேன். ஆனால் நீர் "அவர்" என்று எழுதியிருக்கிறீர். ஒரு பிசியோ வருகிறார், அவர் சொன்னார் என்று. அவர் என்றால் ஆணும் அவர்தான், பெண்ணும் அவர்தான். வேண்டுமென்றே அப்படி எழுதினீரோ தெரியாது. குலசிங்கம் அண்ணை ஆசுப்பத்திரிக்குத் தன் முழங்காலைக் காட்டப் போனாராம். கதவிடுக்கால் பார்த்தாராம். "ஒரு வடிவான இளந்தாரி அவவின்ர நாடியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்" என்று சொன்னாராம். எங்கள் ஊர்களில் நாடியைப் பிடிப்பது கெஞ்சுவதற்கும் கொஞ்சுவதற்கும்தான். வைத்தியத்துக்கு என்று நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பயிற்சியைப் பற்றியும் விவரமாக எழுதும். சுவரோடு நிற்கும்போது குதிக்கால் சுவரில் முட்டவேண்டுமா, தள்ளி நிற்கவேண்டுமா? படுத்தபடியும் செய்யலாமா? அப்படியென்றால் தலைக்குக் கீழே துவாயை மடித்து வைக்கவேண்டுமா, எவ்வளவு தடிப்பு? எவ்வளவு காலத்தில் பலன் தெரியும்? இதைச் செய்தால் ஆள் உயருமா?

சந்தேகத்தில் கேட்கவில்லை. தெரிந்திருக்கவேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஜதுர்சன்


சுருவில்
05.06.2025

ஜதுர்சனுக்கு,

அவர் பெயர் ஷாருஜன். ஆண். வடிவோ இல்லையோ நான் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த நேரம் முழுக்க எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைத்தான் பார்க்கச் சொல்லுவார். என் நாடியில் அவர் வைத்தது இரண்டு விரல். கொதித்த கேத்தில் மூடியைத் தொடுகிற மாதிரித் தொட்டு, பின்னுக்குத் தள்ளிவிட்டு, கையை எடுத்துவிடுவார். பக்கத்துக் கதிரையில் அம்மா இருந்தா. குலசிங்கம் அண்ணை பார்த்த கதவிடுக்கில் அம்மா தெரியாமல் போனது எப்படி என்று அவரிடமே கேளுங்கள். ஷாருஜன் கலியாணம் கட்டியவரா என்று நான் விசாரிக்கவில்லை. உங்களுக்கு அறியவேண்டுமென்றால் குலசிங்கம் அண்ணையையே அனுப்புங்கள். போனதும் போனார், அவருக்கும் ஒரு பொம்பிளை பார்த்துக் கொடுத்துவிட்டு வரட்டும்.

நீங்கள் கேட்ட கேள்விகளைப் பலதரம் வாசித்தேன். பொலிசில் இப்படித்தான் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். குதி முட்டுமா, துவாய் எவ்வளவு தடிப்பு. நான் பிழையாகச் சொன்னால் பிடித்துவிடலாம், அல்லவா? எங்கே கேட்டுச் சரிபார்க்கப் போகிறீர்கள்?

சரி, எழுதுகிறேன். குதியைச் சுவரிலிருந்து அரைச் சாண் தள்ளி வைக்கவேண்டும். பிடரி சுவரில் முட்டவேண்டும். முதலில் முட்டாது, முட்டவேண்டுமென்று முகத்தைத் தூக்கினால் பிழை. நாடியை இழுத்துப் பிடித்து, ஐந்து எண்ணிவிட்டு விடவேண்டும். படுத்தும் செய்யலாம், துவாயை ஒரு மடிப்பு மட்டும் மடித்து வைத்து. பிறகு, முதுகுப் பலகைகள் இரண்டையும் ஒன்றோடொன்று முட்டப் பார்ப்பதுபோலத் தோளைப் பின்னுக்கு இழுக்கவேண்டும். வாசற்கதவு நிலையில் இரண்டு கையையும் ஊன்றி நெஞ்சை விரிக்கவேண்டும். மூச்சைப் பிடிக்கக்கூடாது. கை இன்னும் விறைத்தால் அன்றைக்கு நிறுத்திவிடவேண்டும். பலன் தெரிய மாதக் கணக்காகும். விடாமல் செய்தால்தான்.

உயரம் கூடிவிடாது என்று ஷாருஜன் சொன்னார். இருக்கிற உயரம் வெளியே வரும், அவ்வளவுதான்.

எனக்கு இப்போது ஊசி விழுவதில்லை. அதைப்பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானாகவே எழுதுகிறேன்.

பிரியதர்சினி


நெடுந்தீவு
18.06.2025

பிரியதர்சினிக்கு,

ஊசி விழாதது சந்தோசம். கேட்காமல் விட்டது என் பிழை.

இதை எழுத எனக்கு விருப்பமில்லை. அம்மா உம்மை வேலணையில் பஸ் ஏறும்போது கண்டிருக்கிறா. நீர் அம்மாவைக் காணவில்லையாம்; கண்டும் காணாததுபோலப் போனீராம் என்பது அம்மாவின் பேச்சு. "நான் கோயிலில பாத்த பிள்ளை இதில்லை. அது தலை குனிஞ்ச பிள்ளை. இது நெஞ்சை நிமித்திக்கொண்டு போகுது. ஆளே மாறிப்போச்சு" என்கிறா. நிச்சயம் முடிந்த துணிவில் உமக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று சித்திமாருக்கும் சொல்லியாயிற்று.

அம்மா ஒன்றுதான் கேட்கிறா. கலியாணம் முடியும் வரை அந்தப் பயிற்சியை நிறுத்திவைக்க முடியாதா? கொஞ்ச நாள்தானே. தாலிக்குப் பொன்னுருக்குகிற அன்று இரண்டு பக்கத்துச் சனமும் வரும். மாலை மாற்றுகிற படத்தில் பொம்பிளை குனிந்து நின்றால்தான் வடிவு என்கிறா. பிறகு நீர் விரும்பிய அளவு நிமிரலாம், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

எனக்கும் அது நல்லது என்றுதான் படுகிறது. காரணம் கேட்கவேண்டாம்.

ஜதுர்சன்


சுருவில்
27.06.2025

ஜதுர்சனுக்கு,

காரணம் கேட்கவேண்டாம் என்று எழுதுகிறவரிடம் காரணத்தை மட்டும்தான் கேட்பேன்.

முதலில் உங்கள் அம்மாவுக்கு. நான் அவவைக் காணவில்லை. கண்டிருந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கதைத்திருப்பேன். கோயிலில் அவ பார்த்த தலை குனிந்த பிள்ளையும் நான்தான். அது அடக்கம் இல்லை, கழுத்து வருத்தம். என் கழுத்து பழுதாகிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவவுக்கு என்னைப் பிடித்திருக்கிறது. சுகப்பட்டதும் பிடிக்கவில்லை. மாட்டுக்கு வைத்தியம் செய்கிற நீங்கள் சொல்லுங்கள், முடமான பசுவை அடக்கமான பசு என்று எழுதுவீர்களா?

பயிற்சியை நிறுத்தமாட்டேன். நடுவில் நிறுத்தினால் பழையபடி தலை முன்னுக்கு வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகு ஊசி விழும். இந்தக் கைதான் எனக்குத் தொழில். உங்கள் வீட்டுக்கு வந்தபிறகும் இதுதான் என் தொழில்.

இனி என் முறை. பரமலிங்கம் அண்ணை என்று உங்கள் இறங்குதுறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறாரே, அவர் இராசமணி மாமிக்கு ஒன்றுவிட்ட தம்பி. உங்களைப் பற்றி அவர் சொன்னதை மாமி அம்மாவிடம் வந்து குசினியில் வைத்துச் சொன்னதை நான் கேட்டேன். வேலை முடிந்து எல்லாரும் போனபிறகு உங்கள் மிருகவைத்தியக் கந்தோரின் பின்பக்கத்தில் சுவரோடு சுவராக நிற்கிறீர்களாம். கண் நிலைகுத்தி, முகம் கோணி, தொண்டை புடைத்து, யாரோடும் பேசாமல். ஆள் வந்தால் உடனே விலகி மாட்டு மருந்துப் பெட்டியைத் தேடுவதுபோல நடிக்கிறீர்களாம். "பொடியனுக்கு ஏதோ வலிப்பு வருத்தம் இருக்குது, மறைச்சுச் செய்யப்பாக்கினம்" என்று அவர் சொன்னதிலிருந்து அம்மா அழுதுகொண்டிருக்கிறா. அப்பா கலியாணப் பேச்சையே எடுப்பதில்லை.

இதோடு இன்னொன்றும். குலசிங்கம் அண்ணை கொண்டுவந்த உங்கள் படம் தோள் வரைதான் இருந்தது. அன்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது எடுக்கிறேன். என்னிடம் ஓலை, ஆண், துவாய் என்று எல்லாம் கேட்ட நீங்கள் எதை மறைக்கிறீர்கள்?

பொன்னுருக்கலுக்கு முன் பதில் வேண்டும். வராவிட்டால் தட்டானுக்கு வேலை வைக்கவேண்டாம் என்று அப்பா சொல்லச் சொன்னார். அப்பா சொல்லாவிட்டாலும் நான் சொல்லியிருப்பேன்.

பிரியதர்சினி


நெடுந்தீவு
08.07.2025

தர்சினி,

எனக்கு வலிப்பு இல்லை. பரமலிங்கம் அண்ணை பார்த்தது நீர் எழுதி அனுப்பிய பயிற்சியை. குதி அரைச் சாண் தள்ளி, நாடி உள்ளே, ஐந்து எண்ணும் வரை. இரட்டை நாடி விழும் என்று எழுதினீர். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது வலிப்பாகத் தெரியும் என்று எழுதவில்லை.

உம்மைப் பிடிக்கத்தான் அந்தக் கேள்விகளைக் கேட்டேன் என்று நினைத்தீர். இல்லை. எனக்குச் செய்யத் தெரியவில்லை, அதனால் கேட்டேன். நாள் முழுக்க மாட்டு வயிற்றுக்குக் கீழே குனிந்து குனிந்து என் தலையும் முன்னுக்குத்தான் நிற்கிறது. ஆனால் அதற்காகச் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், வெட்கக்கேடு, உயரத்துக்காகச் செய்தேன்.

கோயிலில் அம்மா கண்டது ஒரு தலை குனிந்த பிள்ளையை. நான் கண்டது வேறு. தீபம் காட்டி முடிந்து எல்லாரும் வெளிவீதிக்கு வந்தபிறகு, நீர் கோபுரத்தைப் பார்க்க ஒருதரம் தலையை நிமிர்த்தினீர். கொஞ்ச நேரம்தான். அப்போது நீர் என்னைவிட இரண்டு விரல் உயரம். காலில் செருப்பு இல்லாத இடத்தில் அதற்கு வேறு காரணமும் சொல்ல ஏலாது. உம்முடைய நாடிக்குக் கீழே, தொண்டை தொடங்குகிற இடத்தில், ஒரு மச்சம் இருந்தது. பிறகு குனிந்துவிட்டீர், இரண்டும் மறைந்துவிட்டன. வரும் வழியில் படகில் அம்மா "பிடிச்சிருக்கோ?" என்று கேட்டா. ஓம் என்று சொன்னேன். குனிந்த பிள்ளைக்கு அல்ல.

ஓம் என்று சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கும்போது என்னை எப்போதும் முன்வரிசையில் இருத்துவார்கள். குலசிங்கம் அண்ணைக்குத் தோள் வரை வெட்டிய படத்தைக் கொடுத்தது நான்தான். நீர் நிமிருகிறீர் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வந்தது சந்தேகம் மட்டுமல்ல. மணவறையில் நீர் நிமிர்ந்து நிற்க, சனம் சிரிக்கும், அம்மா முகத்தைத் தூக்குவா, நீரே என்னைப் பார்த்துவிட்டு மனம் மாறுவீர் என்று நினைத்தேன். ஷாருஜனைப் பற்றிக் கேட்டதும் அதனால்தான். அவர் எவ்வளவு உயரம் என்று கேட்க வெட்கப்பட்டு, ஆணா பெண்ணா என்று கேட்டேன். பயிற்சியை நிறுத்தச் சொல்லி அம்மா கேட்டபோது, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நானும் ஒளிந்துகொண்டேன். உம்முடைய கையைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதை நினைக்க எனக்கே என்மேல் கோபம் வருகிறது.

போன சனிக்கிழமை மண்கும்பானுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், பொம்பிளை என்னைவிட உயரம் என்று. "சனம் சிரிக்குமடா" என்றா. "சிரிக்கட்டும்" என்றேன். அதற்குப் பிறகு சோறு மட்டும் போட்டுத் தந்தா.

பயிற்சியை நிறுத்தவேண்டாம். இதற்குமேல் என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. நம்புவதும் விடுவதும் உம்முடைய விருப்பம்.

ஜதுர்சன்


சுருவில்
17.07.2025

ஜதுர்சனுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் நான் நம்பவில்லை. இவ்வளவு காலமும் சந்தேகப்பட்டுப் பழகிவிட்டது, லேசில் போகாது. நான் நிமிர்ந்ததைப் பார்த்துத்தான் ஓம் சொன்னதாக இப்போது கதை கட்டுகிறீர்களோ என்று யோசித்தேன். பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். குனிந்தால் மச்சம் தெரியவில்லை. நேராக நின்றாலும் தெரியவில்லை. முகத்தை நன்றாகத் தூக்கினால் மட்டும்தான் தெரிகிறது. ஷாருஜனிடம் கேட்டிருப்பீர்களோ என்றும் ஒருதரம் நினைத்தேன். அவருடைய உயரத்தை என்னிடம் கேட்கவே வெட்கப்பட்ட நீங்கள், அவரிடம் போய் மச்சத்தைக் கேட்டிருக்கமாட்டீர்கள். ஆகவே மச்சத்தை நம்புகிறேன்.

ஒரு பிழையைத் திருத்தவேண்டும். அன்று நான் நிமிர்ந்தது கோபுரத்தைப் பார்க்க இல்லை. எத்தனையோ தரம் பார்த்த கோபுரம் அது. எனக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையைப் பார்க்கத்தான் நிமிர்ந்தேன். குனிந்து பழகிய கழுத்து, வேண்டியதைவிட மேலே போய்விட்டது. உங்கள் தலைக்கு மேலால் கோபுரம் தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டு விரலை நானும் அப்போதே கண்டேன். மறுபடி குனிந்தது வெட்கத்தால் இல்லை, கழுத்து வலித்தது. வீட்டுக்கு வந்து அம்மா கேட்டதும் நானும் ஓம் என்றுதான் சொன்னேன்.

இவ்வளவையும் இரண்டு பேரும் கண்டுவிட்டு, காணாததுபோல இத்தனை கடிதம் எழுதியிருக்கிறோம்.

அப்பாவிடம் வலிப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பாமல், சுவரோடு நின்று செய்துகாட்டச் சொன்னார். செய்தேன். இரட்டை நாடியைப் பார்த்துவிட்டு, "ஓம், வலிப்பு மாதிரித்தான் கிடக்கு" என்று ஒத்துக்கொண்டார். நாளைக்குத் தட்டான் வீட்டுக்குப் போகிறார்.

உங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். தாலி கட்டும்போது நான் மணையில் உட்கார்ந்திருப்பேன், நீங்கள் நிற்பீர்கள். அந்த நேரம் உயரம் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மாலை மாற்ற இரண்டு பேரும் எழும்பத்தான் வேண்டும். எல்லாப் பொம்பிளைகளும் அதற்குக் குனிந்து கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் குனியமாட்டேன். குனியக்கூடாது என்பது வைத்தியம்.

நீங்கள் நாடியை உள்ளே இழுத்துக்கொண்டு, கையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். எட்டும்.

தர்சினி